நுண்ணுயிரியல் வகுப்புக்குப் புதிய பாடப்பொருள்: எங்கே தேடுவது, எதைத் தள்ளுவது

பி.எஸ்சி. நுண்ணுயிரியல் ரெக்கார்டு நோட்டை எந்த ஊர்க் கல்லூரியில் புரட்டினாலும் வரிசை பெரிதாக மாறாது. ஊடகம் தயாரித்தல், ஸ்ட்ரீக் பிளேட், கிராம் ஸ்டெயின், இம்விக், ஆன்டிபயாடிக் டிஸ்க், பாலுக்கு மெத்திலீன் புளூ. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. அதை நடத்தும்போது மாணவர் முன்னால் வைக்கும் கையேடு, படம், வீடியோ, தரவுத்தளம் இவைதான் ஆசிரியர் கையில் இருப்பவை. கூகுளில் தேடினால் பக்கம் பக்கமாக வரும். பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

சலித்தெடுக்க ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: இந்தச் செய்முறை எங்கே கெடும், கெட்டால் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று இதில் எழுதியிருக்கிறதா? சரியாக வந்த தட்டின் படத்தை எல்லோரும் போடுவார்கள். மாணவர் கைக்கு வருவதோ பெரும்பாலும் சரியாக வராத தட்டு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லாத கையேடு பரீட்சைக்கு முதல் நாள் இரவு உதவும், பெஞ்சில் உதவாது.

கிராம் ஸ்டெயினில் தொடங்குவோம்

அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம், சுருக்கமாக ஏஎஸ்எம், இளநிலை ஆசிரியர்களுக்கென்றே செய்முறைக் கையேடுகளை பிடிஎஃப் வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. வரலாறு, கோட்பாடு, கரைசல் அளவுகள், செய்முறை, பாதுகாப்பு என்று வரிசையாகப் பகுதிகள் இருக்கும். அதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் உண்டு. நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள். கருத்துகளும் உத்திகளும் என்ற தலைப்பில், அதே செய்முறையை வகுப்பில் நடத்திய பல ஆசிரியர்கள் சொன்னதைத் திரட்டி வைத்திருப்பார்கள். கையேட்டைத் தரவிறக்குவதே அந்த ஒன்றரைப் பக்கத்துக்காகத்தான்.

செல்சுவரைப் பொறுத்து பாக்டீரியாவை ஊதா (கிராம் பாசிட்டிவ்), சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என்று பிரித்துக் காட்டும் கிராம் ஸ்டெயினின் நேர அட்டவணை எல்லோருக்கும் தெரிந்தது: கிரிஸ்டல் வயலெட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம், நிறநீக்கி சுமார் 15 விநாடி அல்லது வழியும் சொட்டில் ஊதா நிற்கும் வரை, சஃப்ரானின் 30 விநாடியிலிருந்து 1 நிமிடம். இதில் கெடுவது பெரும்பாலும் மூன்றாவது படி. 95 சதவீத எத்தனாலுக்கு அந்த 15 விநாடி சரி. அசிட்டோன் கலந்த நிறநீக்கி அதைவிட வேகமாக வேலை செய்யும், சில விநாடிகளே போதும். பாட்டிலில் இருப்பது எந்தக் கலவை என்று பார்க்காமல் விநாடிக் கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டால் வகுப்பில் பாதிப் பேருக்கு எல்லாமே சிவப்பாக வரும். ஸ்மியர் தடித்தால் கதை நேரெதிர், ஈ. கோலைகூட ஊதாவாக நிற்கும். பேசில்லஸ் கல்ச்சர் 24 மணி நேரம் தாண்டினால் செல்சுவர் தளர்ந்து, ஒரே பார்வைப் புலத்தில் ஊதாவும் சிவப்பும் கலந்து தெரியும். தீயில் அதிக நேரம் காட்டினாலும் அதே விளைவு. அயோடின் கரைசலை (அயோடின் 1 கிராம், பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், நீர் 300 மி.லி.) வெளிச்சத்தில் வைத்தால் பழுப்பு வெளிறிக்கொண்டே போகும். மஞ்சளாகிவிட்ட பாட்டிலைக் கீழே ஊற்றுங்கள். அது சாயத்தைப் பிடித்து வைக்காது.

இதைச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கெடுத்துக் காட்டுவது நல்லது. ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஈ. கோலை இரண்டையும் 18 மணி நேர வளர்ப்பாக எடுத்து ஒரே துளியில் கலந்து நான்கு ஸ்லைடு போடச் சொல்லுங்கள். முதல் மூன்றுக்கும் நிறநீக்கி முறையே 5, 15, 60 விநாடி. நான்காவதில் அயோடினே வேண்டாம். ஒரு மேசைக்கு ஒரு செட். நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தவர்களுக்கு அடுத்த முறை எல்லாம் சிவப்பாக வந்தால் எந்தப் படியில் போனது என்று சொல்லத் தெரியும். சந்தேகம் வந்தால் சரிபார்க்க 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி எடுத்து, அதில் காலனியைக் குழைத்து லூப்பை மெல்லத் தூக்கலாம். ஒரு நிமிடத்துக்குள் கோந்து நூல்போல இழுபட்டால் கிராம் நெகட்டிவ். செல்சுவர் உடைந்து வெளியே வரும் டிஎன்ஏதான் அந்த நூல். காலனி குறைவாகவும் துளி பெரிதாகவும் இருந்தால் நூல் வராது, அதை பாசிட்டிவ் என்று எழுதிவிடுவார்கள். கவனிக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் டிஸ்க்: மூல ஆவணமே இலவசம்

மருந்து ஊறிய டிஸ்க்கைப் பாக்டீரியா தடவிய தட்டில் வைத்து, சுற்றிலும் வளர்ச்சி இல்லாத வட்டத்தை (ஜோன்) அளக்கும் டிஸ்க் டிஃப்யூஷனுக்கு யாரோ எழுதிய வலைப்பக்கத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. மருத்துவமனை லேப்கள் பின்பற்றும் ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட், தன் கையேட்டையும் அளவு அட்டவணைகளையும் படங்கள் நிறைந்த ஸ்லைடு தொகுப்புகளையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. எத்தனை மி.மீ. ஜோன் இருந்தால் மருந்து வேலை செய்யும் என்று கொள்வது என்று சொல்லும் பிரேக்பாயின்ட் அட்டவணை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. எந்த ஆண்டு அட்டவணையைப் பார்த்தோம் என்று ரெக்கார்டில் எழுதவைக்கும் பழக்கமே ஒரு பாடம்.

எண்களைப் பார்ப்போம். முல்லர் ஹின்டன் அகர் 4 மி.மீ. தடிமன். 90 மி.மீ. தட்டுக்குச் சுமார் 25 மி.லி. ஊற்றினால் அது வரும். மிச்சப்படுத்த 15 மி.லி. ஊற்றுகிற லேப்களில் ஜோன் பெரிதாக வரும், ஏனென்றால் மருந்து கீழே இறங்க இடமில்லாமல் பக்கவாட்டில் பரவுகிறது. பாக்டீரியா கலவையின் கலங்கல் மெக்ஃபார்லண்ட் 0.5, அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி செல். அந்த ஒப்பீட்டுக் குழாயை விலைக்கு வாங்க வேண்டாம். 1.175 சதவீத பேரியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.5 மி.லி.யை 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மி.லி.யில் கலக்கிக்கொண்டே விடுங்கள். 625 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.08க்கும் 0.13க்கும் இடையில் இருக்க வேண்டும். இறுக மூடி இருட்டில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காமல் பயன்படுத்தினால் வெள்ளை வீழ்படிவு அடியில் தங்கி, குழாய் தெளிவாகத் தெரியும், கலவையை நீர்க்க விட்டுவிடுவோம்.

பிறகு மூன்று 15. கலவை தயாரித்த 15 நிமிடத்துக்குள் தட்டில் தடவ வேண்டும், தடவிய 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வைக்க வேண்டும், வைத்த 15 நிமிடத்துக்குள் இன்குபேட்டருக்குள் போக வேண்டும். 35 டிகிரி செல்சியஸ், 18 மணி நேரம். ஒரு டிகிரியும் இரண்டு மணி நேரமும் முன்பின்னாக இருக்கலாம். முப்பது பேர் வகுப்பில் கடைசி மேசைக்கு டிஸ்க் பெட்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனால் அந்த மேசையின் ஜோன் சுருங்கித்தான் இருக்கும். மருந்து பரவத் தொடங்குவதற்குள் பாக்டீரியா முந்திக்கொள்கிறது. டிஸ்க்கை நான்கு சிறு பெட்டிகளாகப் பிரித்து வைத்தால் முடிந்தது.

தரக் கட்டுப்பாட்டுக்கு ஏடிசிசி 25922 என்ற ஈ. கோலை இருக்கிறது. அதற்கு 10 மைக்ரோகிராம் ஜென்டமைசின் வைத்தால் ஜோன் 19 முதல் 26 மி.மீ.க்குள் வர வேண்டும். வகுப்பின் எல்லா எண்களையும் பலகையில் எழுதி, எல்லைக்கு வெளியே போனவர்களை மட்டும் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: அகர் தடிமனா, கலங்கலா, நேரமா, காலாவதியான டிஸ்க்கா. அன்றைய வகுப்பு அங்கேதான் நடக்கும். புல்வெளியில் (தட்டு முழுக்க விரிந்த பாக்டீரியா வளர்ச்சியில்) தனித்தனிக் காலனி தெரிந்தால் அளக்கவே கூடாது, கலவை நீர்த்துவிட்டது என்று பொருள். யூகாஸ்ட்டின் படத்தொகுப்பில் இப்படிப்பட்ட கெட்ட தட்டுகளும் இருக்கின்றன, அதனால்தான் அதற்கு என் வாக்கு.

பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். யூகாஸ்ட் முறையில் 2019லிருந்து 'ஐ' என்ற எழுத்துக்கு இடைநிலை என்று பொருள் இல்லை. மருந்தின் அளவு உடலில் கூடுதலாக எட்டினால் வேலை செய்யும் என்று பொருள். அமெரிக்க சிஎல்எஸ்ஐ முறையில் இடைநிலை என்றே தொடர்கிறது. இரண்டு அட்டவணையையும் கலந்து ஒரே ரெக்கார்டில் எழுதுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது.

இந்த இடத்தில் வேப்பிலைச் சாறு புராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை. இலைச் சாற்றை எத்தனாலில் எடுத்து டிஸ்க்கில் விட்டு, அருகில் ஆம்பிசிலின் வைத்து, ஜோனை ஒப்பிட்டு எழுதும் புராஜெக்ட் ஆண்டுதோறும் குவிகிறது. வெறும் எத்தனால் விட்டு உலர்த்திய டிஸ்க் பக்கத்தில் இல்லையென்றால் அந்த ஜோனுக்கு அர்த்தம் இல்லை. அந்த டிஸ்க் இருந்தாலும்கூட, நீரில் கரையாத பொருள் அகரில் பரவாது. சிறிய ஜோன் என்றால் வலுவில்லாத மருந்து என்று முடிவு கட்ட முடியாது. குழாய் நீர்ப்பு முறையில் எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவு) பார்க்கச் சொல்வதே நேர்மையான வழி.

பெயர் மாறிய பாக்டீரியாக்கள்

இம்விக் (இன்டோல், மெத்தில் ரெட், வோகஸ் புரோஸ்கவர், சிட்ரேட் என்ற நான்கு சோதனைகள்) பாடத்தில் ஈ. கோலைக்கு ஜோடி என்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ். ஒன்றுக்கு பாசிட்டிவ் பாசிட்டிவ் நெகட்டிவ் நெகட்டிவ், இன்னொன்றுக்கு அப்படியே தலைகீழ். பரீட்சைத்தாளில் இன்றும் அந்தப் பெயர்தான். தரவுத்தளத்தில் தேடினால் 2017லிருந்து அது கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ். லாக்டோபேசில்லஸ் பேரினத்தில் இருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களை 2020ல் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பிளான்டாரம் இப்போது லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம். 2021ல் தொகுதிப் பெயர்களும் முறைப்படி வெளியாகின: ஃபிர்மிக்யூட்ஸ் பேசில்லோட்டா ஆனது, புரோட்டியோபாக்டீரியா சூடோமோனடோட்டா ஆனது. பாடப்புத்தகத்தில் ஒன்று, பிளாஸ்ட் (டிஎன்ஏ வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் தேடல்) முடிவில் வேறொன்று என்று பார்க்கும் மாணவர், தன் சோதனைதான் தவறு என்று நினைத்துக்கொள்கிறார்.

இதற்கு எல்பிஎஸ்என் என்ற பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பிரான்சின் ஈசெபி 1997ல் தொடங்கியது, இப்போது ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட் நிறுவனம் நடத்துகிறது. பழைய பெயரைப் போட்டால் சரியான புதுப் பெயரையும், யார், எந்த ஆண்டில் மாற்றினார்கள் என்பதையும் காட்டும். அதே நிறுவனத்தின் பாக்டைவ் தளத்தில் ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் வளர்ச்சி வெப்பநிலை, உயிர்வேதிச் சோதனை முடிவுகள், உயிர்ப்பாதுகாப்பு நிலை எல்லாம் கிடைக்கும். மீடியாடைவில் ஊடகங்களின் கிராம் கணக்கு இருக்கும். வகுப்பில் செய்யக்கூடியது: பாடப்புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தைக் கொடுத்து, அதில் வரும் எல்லாப் பெயர்களையும் எல்பிஎஸ்என்னில் பார்த்து மாறியவற்றைக் குறித்துவரச் சொல்லுங்கள். விடைத்தாளில் எதை எழுதுவது என்ற கேள்வி உடனே வரும். பாடத்திட்டத்தில் உள்ள பெயரை எழுதி, புதுப் பெயரை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லலாம்.

பாடப்புத்தகம் என்று எடுத்தால் இலவசத்தில் முதலில் நிற்பது ஓப்பன்ஸ்டாக்ஸ் நிறுவனம் ஏஎஸ்எம்முடன் சேர்ந்து 2016ல் வெளியிட்ட நுண்ணுயிரியல் நூல். மொத்தம் 26 அத்தியாயம். நர்சிங் போன்ற துறை மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது என்பதால் நோய், நோயெதிர்ப்புப் பகுதிகள் தாராளம். மண், நொதித்தல், தொழில் நுண்ணுயிரியல் மெலிந்திருக்கும்; நம் பாடத்திட்டத்தின் அந்தத் தாள்களுக்கு இதை நம்ப முடியாது. மேலே சொன்ன 2020, 2021 மாற்றங்களுக்கு முந்தியது என்பதையும் நினைவில் வையுங்கள். படங்களுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஃபில் படநூலகம் நல்லது. பெரும்பாலானவை பொதுவுடைமை, ஆனால் எல்லாமும் அல்ல. ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமை நிலை எழுதியிருக்கும்.

திரையில் செய்யும் லேப்

இணைப்புப் பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் பாதி செத்துப்போனவை. அடோபி ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ல் நிறுத்தப்பட்டபோது பழைய அனிமேஷன்கள் கூட்டமாகப் போயின. பட்டியலைப் பகிரும் முன் ஒவ்வொன்றையும் கல்லூரிக் கணினியிலேயே திறந்து பாருங்கள். வீட்டில் ஓடுவது அங்கே ஓடாமல் போவதும் உண்டு.

உயிரோடு இருப்பவற்றில் நமக்கு மிக அருகில் இருப்பது, மத்திய அரசின் திட்டத்தில் அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய மெய்நிகர் ஆய்வகம். கோட்பாடு, செய்முறை, அனிமேஷன், சிமுலேட்டர், சுயமதிப்பீடு என்று ஒவ்வொரு சோதனைக்கும் பிரித்திருக்கிறார்கள். வரிசையைப் பழக்க அது போதும். லூப் ஆறியதா, அகர் கிழிகிறதா என்ற கைப்பழக்கத்தை எந்தத் திரையும் தராது. அதனால் லேப் வகுப்புக்கு முந்தின நாள் வேலையாகக் கொடுங்கள், லேப்புக்குப் பதிலாக வேண்டாம்.

பிசிஆர் இயந்திரம் இல்லாத கல்லூரிக்கு ஹெச்எச்எம்ஐ பயோஇன்டராக்டிவ் தளத்தின் பாக்டீரியா அடையாளம் காணும் லேப் பெரிய உதவி. மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுப்பது, பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவைப் பெருக்குவது, வரிசையறிவது, கடைசியில் உண்மையான வரிசையைத் தரவுத்தளத்தில் தேடுவது வரை ஒரு முழுச் சுற்று. அதன் பிறகு மாணவரை நேராக என்சிபிஐயின் பிளாஸ்ட்டுக்குக் கூட்டிப் போகலாம், எல்லாம் இலவசம்.

பிளாஸ்ட்டில் கெடுவது தனிப் பட்டியல். முதல் தவறு, பொதுவான பெரிய தரவுத்தளத்தை அப்படியே விட்டுவிடுவது. முடிவின் மேல்பக்கம் முழுக்க 'வளர்க்கப்படாத பாக்டீரியம்' என்று வரும். 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்தால் பெயருள்ள ஸ்ட்ரெயின்கள் வரும். இரண்டாவது, சாங்கர் முறையில் படித்த டிஎன்ஏ வரிசையின் முனைகளை வெட்டாமல் ஒட்டுவது. தொடக்கத்தில் முப்பது நாற்பது எழுத்து, பிறகு ஏறக்குறைய 700, 800க்கு மேல் உள்ள பகுதி இவற்றில் சிகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். குரோமட்டோகிராமைக் கண்ணால் பார்த்து வெட்ட வேண்டும், அதற்கு இலவச மென்பொருள் இருக்கிறது. மூன்றாவது, சதவீத ஒற்றுமையை மட்டும் படிப்பது. 99 சதவீதம் ஒத்துப்போகிறது, ஆனால் வினவலின் 20 சதவீதத்தைத்தான் அது மூடுகிறது என்றால் அந்த 99க்கு மதிப்பில்லை. நான்காவதுதான் மாணவர்களுக்கு உண்மையிலேயே பிடிக்கும் பகுதி: ஒரே சிற்றினம் என்று கருத எல்லைக்கோடு 98.7 சதவீத ஒற்றுமை என்று சொல்லிக் கொடுத்த கையோடு ஈ. கோலை வரிசையை ஒட்டச் சொல்லுங்கள். ஷிகெல்லாவும் அதே உயரத்தில் வந்து நிற்கும். பேசில்லஸ் செரியஸ் போட்டால் ஆந்த்ராக்ஸ் கிருமியின் பெயர் வரும். அரண்டு போவார்கள். 16எஸ் என்ன சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டாம்.

வீடியோவில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் கிஷோனியின் குழு 2016ல் வெளியிட்ட மெகா பிளேட். 120க்கு 60 செ.மீ. தட்டு, ஓரத்தில் மருந்தே இல்லை, நடுவை நோக்கிப் போகப் போகப் பத்து மடங்கு பத்து மடங்காகக் கூடுகிறது. ஈ. கோலை ஒவ்வொரு எல்லையிலும் நின்று, பிறகு ஒரு புள்ளியில் உடைத்துக்கொண்டு போகும். எல்லோரும் இதைப் போட்டுக் காட்டுகிறார்கள், மாணவர்கள் மருந்துதான் மாற்றத்தை உண்டாக்கியது என்று தவறாகப் புரிந்துகொண்டு எழுந்து போகிறார்கள். முதல் எல்லையில் நிறுத்துங்கள். அங்கே காத்திருக்கும் கோடிக்கணக்கான செல்களில் மாறியது எத்தனை, எப்போது மாறியது என்று கேளுங்கள். மாற்றம் எதிரியைச் சந்திக்கும் முன்பே தற்செயலாக நிகழ்கிறது என்று காட்ட லூரியாவும் டெல்புரூக்கும் 1943ல் செய்த ஏற்ற இறக்கச் சோதனையை அங்கே சொன்னால் உட்காரும்.

மண்ணும் மாவும்

ஜோ ஹேண்டல்ஸ்மன் யேல் பல்கலைக்கழகத்தில் 2012ல் தொடங்கிய மண் பாடத்தின் வழிவந்தது டைனி எர்த். மாணவர்கள் மண்ணிலிருந்து பாக்டீரியா எடுத்து, அவை ஆன்டிபயாடிக் சுரக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுப் பாடம். இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய யோசனை, சோதனைக்கு நோய்க்கிருமியை வைக்காமல் அதன் சாதுவான உறவை வைப்பது: சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்குப் பதில் புட்டிடா, அசினெட்டோபாக்டர் பௌமானிக்குப் பதில் பெய்லி, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்குப் பதில் எபிடெர்மிடிஸ். சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயின் என்சிஐஎம் இரண்டின் பட்டியலிலும் கற்பித்தலுக்கு ஏற்ற ஸ்ட்ரெயின்களைத் தேடலாம். உலர்த்திய ஆம்பூலிலிருந்து எழுப்பும் முதல் வளர்ப்பு மெதுவாகத்தான் வரும். இரண்டு முறை மாற்றி வளர்த்த பிறகே சோதனைக்கு எடுங்கள்.

மண் தட்டில் முதலில் தொல்லை கொடுப்பது பரவும் பேசில்லஸ். ஒரே இரவில் தட்டு முழுக்க விரிப்பு விரித்துவிடும். ட்ரிப்டிக் சோய் அகரைப் பத்தில் ஒரு பங்கு வலுவில் எடுத்து, அகரை மட்டும் 15 கிராமில் நிறுத்தினால் அடங்கும். தட்டை ஊற்றிய அன்றே பயன்படுத்தாமல் ஒரு நாள் உலரவிடுவதும் உதவும். ஜோன் வரவில்லையென்றால், புல்வெளி அடர்த்தி அதிகமா என்று முதலில் பாருங்கள். மண் பாக்டீரியா மெதுவாக வளர்வது, அதனால் அதை 24 மணி நேரம் முன்பே புள்ளி வைத்து, பிறகு மேலே சோதனைப் பாக்டீரியாவைப் போடலாம். ஊடகம் மாறினால் சுரப்பும் மாறும், ஒரே தட்டில் வரவில்லை என்பதால் தள்ளிவிட வேண்டாம்.

பாதுகாப்புக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமெரிக்காவில் 2010, 2011ல் கற்பித்தல் லேப்களோடு தொடர்புள்ள சால்மொனெல்லா தொற்று 38 மாநிலங்களில் 109 பேரைத் தாக்கியது. அவர்களில் லேப்புக்கே போகாத, மாணவர் வீட்டுக் குழந்தைகளும் உண்டு. பேனா, நோட்டு, மொபைல், கோட்டு வழியாகப் போகும் பாதை அது. அதற்குப் பிறகு ஏஎஸ்எம் கற்பித்தல் லேப்களுக்கென்றே உயிர்ப்பாதுகாப்பு விதிகளை 2012ல் எழுதி 2019ல் திருத்தியது. இலவசம், கட்டாயம் படிக்க வேண்டியது. உயிர்ப்பாதுகாப்பில் முதல்நிலை லேப் மட்டும் உள்ள கல்லூரியில் மண், சாக்கடை, கைரேகைத் தட்டுகளைச் சுற்றி ஒட்டி மூடியபடியே பார்க்க வேண்டும், அதிலிருந்து எடுத்து மறுபடி வளர்க்கக் கூடாது. மண் தட்டை 37 டிகிரியில் வைக்க எந்தத் தேவையும் இல்லை, 28 போதும். லேப் பேனா லேப்பிலேயே இருக்கட்டும். ஸ்லைடைப் படமெடுக்க ஒரு பழைய மொபைலை லேப்புக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். டிஎஸ்ஐ (மூன்று சர்க்கரையும் இரும்பும் சேர்ந்த அகர்) குழாயில் கறுப்பைக் காட்டவென்று டைஃபாய்டு கிருமியைச் சரிவு அகரில் வருடக்கணக்கில் வைத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டுப் படத்தைக் காட்டுங்கள்.

இட்லி மாவு இந்தத் தொல்லைகள் குறைந்த பாடப்பொருள். பச்சரிசி அல்லது இட்லி அரிசி 3, உளுந்து 1 என்ற எடையில் அரைத்த மாவு 100 மி.லி.யை 250 மி.லி. அளவு உருளையில் விட்டு, 30 டிகிரியில் வைத்து, இரண்டு மணிக்கொரு முறை உயரமும் பிஎச் தாளும் குறித்தால் வரைபடம் தானாக வரும். முன்னணியில் இருப்பது லூகோனோஸ்டாக் மெசன்டராய்டிஸ். மாவு பொங்கும் வாயு பெரும்பாலும் அதன் வேலை, ஈஸ்ட்டின் வேலை என்று மாணவர்கள் எழுதுவது தவறு. சுக்ரோஸ் 5 சதவீதம் சேர்த்த அகரில் அது கோழை போன்ற வழுவழுப்பான காலனி தரும், டெக்ஸ்ட்ரான் காரணம். கேட்டலேஸ் சோதனையை மாவின் மேல் நேராகச் செய்யாதீர்கள். பருப்பிலும் அரிசியிலும் இருக்கும் கேட்டலேஸே நுரைத்துவிடும், லாக்டிக் பாக்டீரியா எல்லாம் பாசிட்டிவ் என்று ரெக்கார்டு ஆகிவிடும். காலனியை எடுத்து ஸ்லைடில் செய்ய வேண்டும். தயிர் ஸ்மியருக்கும் இதேபோல் ஒரு கண்ணி உண்டு. நேரடியாகத் தடவினால் கேசின் சாயம் குடித்துப் புலம் முழுக்க நீலமாகும். பத்து மடங்கு நீர்த்து, உலர்ந்த பிறகு சைலீனில் ஒரு நிமிடம் கொழுப்பு நீக்கி, ஆல்கஹாலில் கழுவி, மெத்திலீன் புளூ போடலாம். இவையும் கலப்பு வளர்ப்புதான், அரிசியில் பேசில்லஸ் செரியஸ் வரலாம். சோதனை மாவை யாரும் இட்லி ஊற்ற எடுத்துப் போக வேண்டாம்.

சேற்று நுண்ணுயிர்களைக் கண்ணாடிக் குழாயில் அடுக்கடுக்காக வளர்த்துக் காட்டும் வினோகிராட்ஸ்கி தூணைப் பலர் கைவிடுவது ஊதா அடுக்கு வராததால். குளத்துச் சேறு, கிழித்த செய்தித்தாள், முட்டை ஓட்டுத் தூள், கொஞ்சம் ஜிப்சம் எல்லாம் சரியாகப் போட்டிருப்பார்கள். ஆனால் வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் வைத்திருப்பார்கள். ஊதா கந்தக பாக்டீரியா அகச்சிவப்புக்கு அருகில், 800 முதல் 900 நானோமீட்டரில் ஒளி எடுப்பது, அந்த விளக்கில் அது இல்லை. ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் ஆறு வாரம் வையுங்கள்.

கடைசியாக உரிமம். கையேட்டைத் தமிழில் பெயர்த்து மாணவர்களுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் அடியில் இருக்கும் வரியைப் படித்தே ஆக வேண்டும். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலுக்கு சிசி பை உரிமம்: பெயரைக் குறிப்பிட்டால் பெயர்க்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், அச்சிடலாம். ஏஎஸ்எம்மின் கல்வி இதழான ஜேஎம்பிஇயில் சிறு செய்முறைக் கட்டுரைகள் அருமையாக இருக்கும், ஆனால் பலவற்றில் 'என்டி' என்ற எழுத்து இருக்கும். மாற்றி வெளியிடக் கூடாது என்று பொருள், மொழிபெயர்ப்பும் மாற்றத்தில் சேரும். அப்படிப்பட்டவற்றுக்கு மூலத்தை அப்படியே பகிர்ந்து, உங்கள் தமிழ்க் குறிப்பைத் தனித்தாளாக, உங்கள் சொந்தச் சொற்களில், உங்கள் லேப்பின் அளவுகளோடு எழுதிக் கொடுங்கள்.